ஒரே பாத்தியில் ஆறு ஐரிஸ்கள்

வைகாசி மாதத்தின் பிற்பகுதியில் ஜேர்மனியின் எந்த வீதியால் நடந்தாலும், வீட்டு வேலியோரங்களில், வாள்களை நிமிர்த்தி நட்டு வைத்தாற் போன்ற இலைகளின் நடுவே பெரியதோர் ஊதாப்பூ விரிந்திருப்பதை வாசகர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். மூன்று இதழ்கள் மேல்நோக்கிக் கூம்பி நிற்க, மூன்று இதழ்கள் கீழே மடிந்து தொங்கும். மடிந்த இதழ்களின் நடுவில் மஞ்சள் நிறத்தில் மெல்லிய உரோம வரிசையொன்று காணப்படும். ஜேர்மானியர் இதனை 'ஷ்வேர்ட்லீலியே', அதாவது வாள் அல்லி, என்பர். உலகம் முழுவதும் வழங்கும் பெயர் ஐரிஸ். கிரேக்கர் தம் வானவில் தெய்வத்துக்கு இட்ட பெயர் அது. வெள்ளை முதல் கருநீலம் வரை எத்தனையோ நிறங்களிற் பூக்கும் செடிக்கு அப்பெயர் பொருந்தவே செய்கிறது.

இக்குடும்பத்தின் பெயர்களிலே ஒரு வேடிக்கை உண்டு. 1753 இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 'ஐரிஸ் ஜெர்மானிக்கா' என்று பெயரிட்ட ஊதா ஐரிஸ் ஜேர்மனியின் காட்டுச் செடி அன்று. அது ஒரு கலப்பினம். தெற்கே மத்தியதரைக் கடலை அண்டிய நாடுகளில் நெடுங்காலம் வளர்க்கப்பட்டு, மனிதர் கைவழியாக வடக்கே வந்தது. மாறாக, 'சைபீரிய ஐரிஸ்' என அழைக்கப்படும் மெல்லிய நீலப்பூச் செடியோ ஜேர்மனியின் ஈரப் புல்வெளிகளுக்கே உரியது. பொடன்சே ஏரிக்கரையிலுள்ள எரிஸ்கிர்ஹ் ஈரநிலத்தில் மே மாத இறுதியில் அது பரந்து பூப்பதைக் காண மக்கள் திரள்வர். அதன் இருப்பிடங்கள் அருகிவருவதை எடுத்துக்காட்டும் பொருட்டு 2010 ஆம் ஆண்டின் மலராக அது தெரிவு செய்யப்பட்டது. ஆண்டுதோறும் ஒரு காட்டு மலரை இவ்வாறு முன்னிறுத்தும் வழக்கத்தைத் தொடக்கிவைத்தவர் முன்னாள் சான்சிலர் ஹெல்முட் ஷ்மிட்டின் துணைவியார் லோக்கி ஷ்மிட். அவரும் பாடசாலை ஆசிரியையாக இருந்தவரே. ஆக, ஜேர்மன் என்ற பெயருடையது வந்தேறி, சைபீரியா என்ற பெயருடையது இந்நாட்டுக் குடி. பிறந்த இடம் எது என்று அலுவலகங்களிற் படிவம் படிவமாக எழுதிக் கொடுத்த நமக்கு இது சிறிது சிரிப்பைத் தரலாம்.

நான் ருர்ப் பகுதியிலுள்ள குடிமனைத் தோட்டங்களில் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து ஆறேழு ஆண்டுகள் ஆகின்றன. 'ஷ்ரேபர் தோட்டம்' என்று எல்லோரும் சொல்வது இதனைத்தான். இந்தப் பெயருக்குரிய மருத்துவர் மோரிட்ஸ் ஷ்ரேபர் ஒரு தோட்டத்தையும் உருவாக்கியவரல்லர். அவர் 1861 இல் இறந்த பின்னர், லைப்சிக் நகரத்துப் பாடசாலை அதிபர் ஹவுஷில்ட் 1864 இல் அமைத்த சங்கம் அவர் பெயரைத் தாங்கிற்று. பிள்ளைகளின் விளையாட்டுத் திடலின் ஓரத்தில் முதன்முதலிற் பாத்திகளை அமைத்தவர் கெசல் என்னும் ஓய்வுபெற்ற ஆசிரியர். 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு தோட்டம் 400 சதுர மீற்றருக்கு மேற்படலாகாது. குடில் 24 சதுர மீற்றருக்குள் அடங்கவேண்டும். நிலத்தின் மூன்றில் ஒரு பங்கிலேனும் காய்கனி பயிரிடப்படவேண்டும் என்பதும் நடைமுறை. என் தோட்டத்தில் வெண்டியும் கத்தரியும் கண்ணாடிக் கூட்டுக்குள்ளே பாடாய்ப் படுகின்றன. அதனை வேறொரு வாரத்துக்கு வைத்துக்கொள்வோம்.

ஐரிஸ் வளர்ப்பைப் பற்றி யாரைக் கேட்டாலும் மாறுபட்ட விடையே கிடைத்தது. தண்ணீர் ஊற்றாதே என்றார் ஒருவர். தண்ணீரிலேயே நில் என்றாலும் நிற்கும் என்றார் இன்னொருவர். இருவரும் உண்மையே சொன்னார்கள்; ஆனால் ஒரே பெயரால் வெவ்வேறு செடிகளைச் சொன்னார்கள். எனவே 2020 ஓகஸ்டில், வகுப்பறையிற் செய்வதுபோல ஒரு சிறு ஒப்பீட்டைச் செய்து பார்க்கலாமென எண்ணினேன். ஆறு மீற்றர் நீளமான ஒரே பாத்தி. ஒரே மண், ஒரே எரு, ஒரே அளவு நீர். அதில் ஆறு வகை ஐரிஸ்கள், வகைக்கு மூன்று செடிகளாகப் பதினெட்டு.

அவை எவையென்று சொல்லிவிடுகிறேன். முதலாவது, வேலியோரங்களில் நிற்கும் பழைய ஊதா. பக்கத்துத் தோட்டத்து முதிய பெண்மணி வெட்டித் தந்தது. 1946 இல் சிலேசியாவிலிருந்து வெளியேற்றப்பட்ட தம் தாயார் மூட்டையிற் கொண்டுவந்த கிழங்கின் வழிவந்தது என்றார். உலர்ந்த ஐரிஸ் கிழங்கு வாரக்கணக்கில் மண்ணின்றி உயிர் தாங்கும். ஆதலால் அது நம்பத்தக்க கதையே. இரண்டாவது, அதே தாடிவகையில் இக்காலத்துப் புதிய கலப்பு: சுருக்கம் வைத்த பாவாடைபோல இதழ் நெளிந்த, செம்பழுப்பு நிறப் பெரிய பூ. மூன்றாவது, முழங்காலுக்கும் எட்டாத குட்டைத் தாடி ஐரிஸ். நான்காவது சைபீரிய ஐரிஸ். ஐந்தாவது, நீரோடைகளின் கரையில் மஞ்சளாகப் பூக்கும் சதுப்பு ஐரிஸ், இதுவும் இந்நாட்டுக்குரியது. ஆறாவது, அகன்று தட்டையாக விரியும் யப்பானிய ஐரிஸ்.

ஒவ்வொரு வகையின் மூன்று செடிகளையும் ஒன்றாக நடவில்லை. பாத்தியின் மேல் முனையில் ஒன்று, நடுவில் ஒன்று, கீழ் முனையில் ஒன்று என நட்டேன். ஒரே பாத்தி என்று நாம் சொல்வது உண்மையில் ஒரே பாத்தி அன்று. மேல் முனைக்குக் காலை வெயில் முந்திக் கிடைக்கிறது. கீழ் முனை ஒரு சாண் தாழ்ந்திருப்பதால் மழைநீர் அங்கே ஒதுங்குகிறது. மூன்றையும் ஓரிடத்தில் வைத்திருந்தால், செடியின் குணத்தையும் இடத்தின் குணத்தையும் பிரித்தறிய வழியில்லாது போயிருக்கும்.

பூக்கும் காலத்தில் மட்டும் வகைகள் ஒழுங்குதவறாது நடந்துகொண்டன. குட்டை ஐரிஸ் சித்திரை வருடப்பிறப்பை அடுத்துப் பூத்தது. தாடிவகை இரண்டும் மே மாதப் பிற்பகுதியில், அவற்றோடு ஒட்டியே சைபீரிய ஐரிஸ், பின்னர் யூன் இறுதியில் யப்பானியம். மற்றையவற்றிலெல்லாம் ஆண்டுக்கோர் உண்மை வெளிப்பட்டது.

2021 மழை ஆண்டு. அவ்வாண்டு யூலையில் ஜேர்மனியின் மேற்குப் பகுதி கண்ட பெருவெள்ளத்தை எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். என் தோட்டம் மேட்டுப்பாங்கானதாகையால் வெள்ளத்துக்குத் தப்பியது. புதிய தாடி ஐரிஸ் முதலாண்டிலேயே பூத்து எல்லோருடைய கண்ணையும் கவர்ந்தது. ஆனால் யூலை மழையின் பின்னர் அதன் இலைகள் முழுவதும் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. சைபீரிய ஐரிஸ் ஒரு பூக்கூடத் தரவில்லை. வேரைப் பிரித்து நட்டால் அது ஓராண்டு ஊமையாக இருக்கும் இயல்புடையது. அந்த ஆண்டோடு கணக்கை முடித்திருந்தால், புதிய தாடிக்கு முதலிடமும் சைபீரியத்துக்குக் கடைசியிடமும் கொடுத்திருப்பேன்.

2022 வறண்ட கோடை. குழாய்நீர் இங்கே கடினநீர். யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் போலக் கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படியும். சுண்ணாம்பைத் தாங்காத யப்பானிய ஐரிஸின் இலைகள் மஞ்சளித்தன, ஒன்று மாண்டது. சதுப்பு ஐரிஸ், நீர்க்கரையில் ஒரு மீற்றருக்கு மேல் வளரக்கூடியது, முழங்காலளவில் நின்றுவிட்டது. மொட்டே வைக்கவில்லை. சைபீரியத்தின் இலைநுனிகள் ஓகஸ்டிற் கருகின. தாடிவகை மூன்றும், அந்த வெயில் தமக்கே அனுப்பப்பட்டது போல, ஒரு குறையுமின்றி இருந்தன.

அக்காலத்தில் என் தோட்டத்துக்கு வந்த நம்மவர் ஒருவர் சதுப்பு ஐரிஸைப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், இது உதவாத சாமான். ஏன் இதுக்கு மினைக்கெடுறியள்? பிடுங்கி எறிஞ்சுபோட்டு மற்றதை வையுங்கோ" என்றார். அவர் சொன்னது அன்றைய தோற்றத்துக்குச் சரியே.

பின்னர் 2023 ஒக்டோபர் தொடங்கிப் பெய்த மழை அடுத்த ஆண்டின் தொடக்கம் வரை விடவில்லை. நத்தாரை ஒட்டி வட ஜேர்மனியின் ஆறுகள் பல கரை மீறின. களிமண் பாத்தி மாதக்கணக்கில் நீர் ஊறிக் கிடந்தது. 2024 பங்குனியில் மண்ணைக் கிளறிப் பார்த்தபோது புதிய தாடி ஐரிஸில் நடுவிலும் கீழ் முனையிலும் இருந்தவை அழுகியிருந்தன. விரலால் அழுத்தினால் அவித்த கிழங்குபோல நசிந்து, கெட்ட நாற்றம் வீசிற்று. பற்றீரியா செய்யும் வேலை அது. குட்டையில் கீழ் முனைச் செடி போயிற்று. பழைய ஊதாவில் ஒன்றும் போகவில்லை. சைபீரியத்தின் மூன்று தூறுகளோ அவ்வாண்டு மே மாதத்தில் ஒவ்வொன்றும் இருபதுக்கு மேற்பட்ட தண்டுகளைத் தள்ளி, நீலப் பூச்சிகள் மொய்த்தாற்போல நின்றன.

புதிய வகை ஏன் தோற்றது? இக்காலத்துப் பெரும்பூத் தாடி ஐரிஸ்களிற் பெரும்பகுதி அமெரிக்காவின் கலிபோர்னியா, ஒறிகன் மாநிலங்களில், வரண்ட கோடையில் கிழங்கு நன்றாகக் காயும் இடங்களில் உருவாக்கப்பட்டவை. அங்கே பூவுக்காகத் தெரியப்பட்டன. ருர்ப் பகுதியின் களிமண் மாரிகாலத்துக்காக அல்ல. பழைய ஊதாவையோ எவரும் கவனித்துத் தெரிந்தெடுக்கவில்லை. வேலிக்கு வேலி கைமாறி, தாங்காதவை ஒழிய, தாங்கியது எஞ்சி நிற்கிறது. அதன் பூ சிறியது என்பதும் உண்மை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது எளிய கைத்தறிச் சேலைதான், மற்றையது கூறைப்பட்டு.

ஒப்பிட்டு அறிவதற்கு ஐரிஸ் நெடுநாளாகவே ஏற்ற செடியாக இருந்துள்ளது. இங்கிலாந்தின் சாட்டர்ஹவுஸ் பாடசாலையில் ஆசிரியராக இருந்த டைக்ஸ் என்பவர் பல்வேறு ஐரிஸ் இனங்களைத் தம் தோட்டத்திலேயே வளர்த்துப் பார்த்து, 1913 இல் அவற்றைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். கனடாவின் காஸ்பே தீபகற்பத்தில் எட்கார் அண்டர்சன் என்னும் தாவரவியலாளர் இரு இன ஐரிஸ்களை ஒரே மேய்ச்சல் நிலத்தில், ஒரே நாளிற் பறித்து அளந்தார். மூன்றாவது இனமொன்றும் சேர்த்து இனத்துக்கு ஐம்பதாக 150 பூக்களின் அளவுகளைக் கொண்டு, 1936 இல் பிஷர் என்னும் ஆங்கிலப் புள்ளிவிபரவியலாளர், அளவுகளிலிருந்து இனத்தைப் பிரித்தறியும் முறையொன்றை வகுத்தார். பல்கலைக்கழகத்திற் கணினி கற்கும் உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப்பாருங்கள். முதற் பயிற்சியாக அந்த 150 பூக்களின் அட்டவணையைத்தான் பலருக்கும் கொடுக்கிறார்கள். அக்கட்டுரை வெளிவந்த சஞ்சிகை, மனித இனத்தைத் தேர்ந்து 'மேம்படுத்தலாம்' என நம்பிய துறையொன்றினுடையது. அந்த நம்பிக்கை ஜேர்மனியில் அதே ஆண்டுகளில் எங்கே போய் முடிந்தது என்பது தெரிந்ததே. பூக்களின் அளவுகளோ, இது இன்ன இனம் என்று மட்டுமே சொல்லும். எது உயர்ந்தது என்று அவற்றில் எந்த நிரலும் இல்லை.

ஜேர்மன் தோட்டக்கலை இவ்விடயத்தில் ஒரு நல்ல வழியைக் கண்டது. மியூனிக் நகருக்கு அண்மையில், பிரைசிங்கிலுள்ள வைஹன்ஸ்டெபானில், 1947 இல் ரிச்சார்ட் ஹான்சன் என்பவர் ஒரு சோதனைத் தோட்டத்தைத் தொடக்கினார். ஒரு செடியின் பல வகைகளை அருகருகே நட்டு, ஆண்டுக்கணக்காகக் கவனித்து, தோட்டக்காரருக்கு எது தகும் என்று சொல்வது அதன் பணி. இன்று இத்தகைய சோதனை ஒரு தோட்டத்தோடு நிற்பதில்லை. அதே வகைகளை வடக்கிலும் தெற்கிலுமாகப் பல இடங்களில் நட்டு, எல்லாவற்றையும் சேர்த்தே மதிப்பிடுகிறார்கள். ஒரு தோட்டத்தில் தோற்றது இன்னொன்றிற் சிறக்கலாம் என்பதனால்.

ஹான்சன் இன்னொன்றும் செய்தார். செடிகளைப் பூவின் நிறத்தாலோ உயரத்தாலோ அன்றி, அவை வாழும் இடத்தால் வகுத்தார். மரத்தின் கீழ், மரச்சோலையின் ஓரம், வெட்டவெளி, கற்பாங்கான இடம், பண்படுத்திய பாத்தி, நீர்க்கரை, நீர் என அவை அமையும். இவ்வகுப்பை விளக்கும் நூலை ஸ்டால் என்பவருடன் சேர்ந்து 1981 இல் வெளியிட்டார். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மலைக்குக் குறிஞ்சி, காட்டுக்கு முல்லை, வயலுக்கு மருதம், கடற்கரைக்கு நெய்தல் என நிலத்துக்குப் பூவின் பெயரையே சூட்டி, அந்தந்த நிலத்துக்குரிய மரமும் பறவையும் தொழிலும் இவையெனத் தொகுத்தவர்கள் நம் முன்னோர். நெய்தலைக் கொண்டுபோய் மலைச்சரிவில் வைத்து, குறிஞ்சியைப் போல ஏன் வளரவில்லை என்று கேட்ட புலவர் எவருமில்லர். யாழ்ப்பாணத்திலும், வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும், தென்மராட்சியில் மாவும் பலாவும் என்பதை விவசாயி சட்டம் படித்தா அறிந்தான்?

ஹான்சனின் கணக்கில் என் ஆறு ஐரிஸ்களும் ஓரிடத்துக்கு உரியவை அல்ல. பெரிய தாடிக்குப் பாத்தி, குட்டைக்குக் கல்லும் வெயிலும், சைபீரியத்துக்கு ஈர வெளி, சதுப்பு ஐரிஸுக்கு நீர்க்கரை. 'எல்லாவற்றுக்கும் ஒரேமாதிரிக் கொடுத்தேன்' என்று நான் சொல்லக்கூடும். ஆனால் கொடுத்தது பெரிய தாடிக்குப் பிடித்ததை. மற்றையவற்றுக்கு அதுவே தண்டனையாயிற்று.

நம்மவரிடையே ஒரு பேச்சுண்டு. கோயிற் திருவிழாவிலும் பிறந்தநாள் விழாவிலும் கேட்கலாம்: "ஒரே பள்ளிக்கூடம், ஒரே ரீச்சர். அவையின்ர பெடியன் கிம்னாசியத்துக்குப் போட்டான், எங்கட மட்டும் ஏன் இப்பிடி?" இந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிவில், பத்து வயதளவில், எந்தப் பாடசாலைக்குப் போவது என்ற பரிந்துரை எழுதப்படுகிறது. ஒரு பிள்ளை இங்கேயே பிறந்தது. இன்னொன்று எட்டாம் வயதில், மூன்று நாடுகளைக் கடந்து, எழுத்தே வேறான மொழிக்குள் வந்து விழுந்தது. அதற்கு அந்த இரண்டு ஆண்டுகளும் சைபீரிய ஐரிஸின் முதலாண்டு. வகுப்பறை ஒன்று என்பதால் நிலம் ஒன்றாகிவிடாது. ஆசிரியத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: அப்பரிந்துரை வந்தவுடன் பிள்ளையை ஏசாது, பாடசாலைக்குச் சென்று கேளுங்கள். பிற்பாடு மாறிக்கொள்ளும் வழிகளும் இந்நாட்டிலுண்டு. றியால்ஷூல முடித்து அபிற்றூர் எடுத்த பிள்ளைகள் நம் சமூகத்திலேயே இருக்கிறார்கள்.

சதுப்பு ஐரிஸுக்கு நடந்ததைச் சொல்லவேண்டும். 2022 ஓகஸ்டில் அதன் இரண்டு செடிகளைப் பெயர்த்து, குடிலின் கூரைநீர் வழிந்து எப்போதும் சேறாகக் கிடக்கும் மூலையில் வைத்தேன். ஒன்றை ஒப்பீட்டுக்காகப் பாத்தியிலேயே விட்டேன். 2024 மே மாதத்தில் சேற்றில் நின்றவை என் நெஞ்சளவு உயர்ந்து மஞ்சளாகப் பூத்தன. பாத்தியில் நின்றது, அந்த மழைமாரி கழிந்தும், அவற்றின் அரைவாசி உயரமே. அந்த நண்பர் மீண்டும் வந்து, இது எங்கே வாங்கியது என்று கேட்டார். நான் அதுதான் இது என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

வளர்க்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். தாடி ஐரிஸின் கிழங்கை இஞ்சியைப்போல ஆழப் புதைக்கலாகாது. வெயில் காயும் முதலையின் முதுகுபோல அதன் மேற்பகுதி மண்ணுக்கு வெளியே தெரியவேண்டும். வேர் மட்டும் கீழே போகட்டும். களிமண்ணாயின் மணலும் சரளையும் கலந்து பாத்தியை ஒரு சாண் உயர்த்துங்கள். சைபீரியத்தை மாறாக, ஒன்றிரண்டு விரலளவு மண்ணுக்குள் வைத்து, வசந்தகாலத்தில் தாராளமாக நீர் கொடுங்கள். மாடிமுகப்பில் தொட்டி வைப்போருக்குக் குட்டை ஐரிஸே போதும்.

இன்னொன்று மிக முக்கியம். ஐரிஸின் கிழங்கு பார்வைக்கு இஞ்சியையும் வசம்பையும் ஒத்தது, ஆனால் நஞ்சு. அதனைக் குசினிக்குள் கொண்டுவர வேண்டாம். பிரித்து நடும்போது கையுறை அணியுங்கள், சாறு தோலைக் கடிக்கும். காட்டிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் ஐரிஸ்களைப் பிடுங்குவது இந்நாட்டிற் சட்டவிரோதம். அவை யாவும் பாதுகாக்கப்பட்ட செடிகள்.

தாடி ஐரிஸைப் பிரிக்கும் காலம், பூத்து ஆறு வாரம் கழிந்த யூலை, ஓகஸ்ட். நம் ஆடி மாதம் அப்படியே பொருந்துகிறது. பழைய ஊதாவின் மூன்று தூறுகளும் இப்போது ஒன்றையொன்று நெருக்குகின்றன. வருகின்ற ஆடியிற் பிரிக்கும்போது இருபது துண்டுகளேனும் மிஞ்சும். வேண்டியவர்கள் இப்பத்திரிகையின் முகவரிக்கு இரண்டு வரி எழுதினால் அனுப்பிவைப்பேன். கடதாசியிற் சுற்றித்தான் அனுப்புவேன். பொலித்தீனில் அடைத்தால் கிழங்கு வியர்த்து வழியிலேயே அழுகிவிடும்.